எழுதுகிறவர் கோடும் நிறுவுகிறவர் கோடும்

டெபியன் லினக்ஸை நிறுவத் தொடங்கினால் முதலில் மொழி கேட்கும். வரைகலை நிறுவியின் பட்டியலில் தமிழைத் தேர்ந்துவிட்டால், வேலை முடிந்த கணினியில் தமிழ் வந்திருக்கும். வந்த தமிழ் எங்கே இருக்கிறது என்று கோப்புறைகளுக்குள் தேடினால் ஒரே இடத்தில் அகப்படாது. எழுத்துருக்கள் சில பொதிகளில் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸின் தமிழ் மெனு தனிப் பொதி. ஃபயர்ஃபாக்ஸின் தமிழ் இன்னொன்று. தமிழ்99 விசைப்பலகை, உலகத்து மொழிகள் பலவற்றின் விசைப்பலகைகளோடு சேர்ந்து ஒரே மூட்டைக்குள் கிடக்கிறது. தேதியையும் நாணயத்தையும் எப்படி எழுதுவது என்ற விதி, சி நூலகத்தோடு வரும் வட்டார அமைப்புக்குள் இருக்கிறது. ‘தமிழ்’ என்ற பெயரிலும் ஒரு பொதி உண்டு. அதற்குள் சரக்கு எதுவும் கிடையாது. மற்ற பொதிகளை இழுத்துவரும் பட்டியல் மட்டும்தான்.

இந்தச் சிதறலை ஒழுங்கின்மை என்று சொல்லிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பெரிய கட்டற்ற மென்பொருள் திட்டம் எதுவும் இரண்டு விதமான எல்லைக்கோடுகளைப் போட வேண்டியிருக்கிறது. முதலாவது, நிரல் எழுதுகிறவர்களுக்கான கோடு: எந்தெந்தக் கோப்புகள் ஒரே களஞ்சியத்தில், அதாவது தொழிலில் இருப்பவர்கள் ‘ரெப்போ’ என்று சொல்லும் இடத்தில், சேர்ந்திருக்க வேண்டும், யாருக்கு அங்கே கைவைக்க உரிமை என்பது. இரண்டாவது, நிறுவுகிறவர்களுக்கான கோடு: எதையெல்லாம் ஒரே பொதியாக, ‘பேக்கேஜாக’, கட்டித் தர வேண்டும் என்பது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் வேலை சுலபம். பெரும்பாலும் பொருந்துவதில்லை. மும்பையில் எங்கள் திலக் நகர் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கிற லோக்மான்ய திலக் டெர்மினஸில் இதையே வேறு உருவில் பார்க்கலாம்: பணிமனையில் பெட்டிகள் பழுதும் பராமரிப்பும் பார்த்து நிற்கும், பிளாட்பாரத்தில் போகிற ஊர் பார்த்து நிற்கும். ஒரு வரிசையை இன்னொன்றின் மேல் திணித்தால் இரண்டு இடத்திலும் வேலை நின்றுபோகும்.

டெபியனை உதாரணமாக எடுப்பதற்கு அதன் அளவும் வயதும் காரணம். 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் அறிவித்த திட்டம் அது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13ஆம் பதிப்பில் 69,830க்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. இவ்வளவுக்கும் பின்னால் இருக்கும் மூலப்பொதிகளின் எண்ணிக்கை அதில் ஏறக்குறையப் பாதி. மூலப்பொதி ஒன்றிலிருந்து நிறுவுபொதிகள் பல பிறக்கும். லிப்ரே ஆபீஸ் என்ற ஒரே மூலத்திலிருந்து நூற்றுக்கும் மேல் பிறக்கின்றன; தமிழ் மெனு அதில் ஒன்று. எழுதுகிறவருக்கு ஒன்றாக இருப்பது நிறுவுகிறவருக்குப் பலவாக இருக்கலாம் என்பதை டெபியன் ஆரம்பத்திலேயே தன் கட்டுமானத்துக்குள் ஏற்றுக்கொண்டது. அது முப்பது ஆண்டு தாக்குப்பிடித்ததற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

பொதிகளை வட்டில் எப்படி அடுக்குவது என்பதே தனிக் கதை. 2000ஆம் ஆண்டு வரை ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு கோப்புறை. அதன் பொதிகள் அதற்குள்ளேயே இருக்கும். சோதனையில் இருந்த பொதி நிலையான பதிப்புக்கு முன்னேறினால் கோப்பையே இடம் மாற்ற வேண்டும். உலகெங்கும் இருந்த நகல் தளங்கள் எல்லாம் அதே கோப்பை மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ‘பூல்’ என்ற ஏற்பாடு வந்தது. எல்லாப் பதிப்புகளின் பொதிகளும் பெயரின் முதலெழுத்துப்படி ஒரே பெருங்கிடங்கில் கிடக்கும். எந்தப் பதிப்பில் எது சேர்த்தி என்பதை அட்டவணைக் கோப்பு சொல்லும். கோப்பு நகராது, அட்டவணையில் ஒரு வரி மாறும். முதலெழுத்து ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. நூலகப் பொதிகள் எல்லாம் ‘லிப்’ என்று தொடங்குவதால் ‘எல்’ கோப்புறை வீங்கிப்போகும். அதற்காக ‘லிப்’ என்று தொடங்குபவற்றுக்கு மட்டும் அடுத்த எழுத்தையும் சேர்த்துக் கோப்புறை வைத்தார்கள். லிப்ரே ஆபீஸ் நூலகம் கிடையாது. ஆனாலும் பெயர்ப் பொருத்தத்தால் நூலகங்களின் வரிசைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, இன்றுவரை. விதி எளிமையாக இருக்க வேண்டுமென்றால் இப்படி ஒன்றிரண்டு அசட்டுத்தனங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக நறுக்கிவிடலாமே என்று தோன்றும். ஒவ்வொரு புதுப் பொதிக்கும் விலை உண்டு. அட்டவணையில் அதற்கென்று சில வரிகள் சேரும். அந்த அட்டவணையை உலகத்திலுள்ள ஒவ்வொரு டெபியன் கணினியும் இறக்குகிறது, அந்தப் பொதி வேண்டாதவர் கணினியும்தான். புதுப் பெயரில் எந்தப் பொதி வந்தாலும், பழையதைப் பிரித்ததால் பிறந்த பெயராக இருந்தாலும், கிடங்குப் பொறுப்பாளர்கள் உரிமத்தையும் உள்ளடக்கத்தையும் கையால் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அந்த வரிசையில் வாரக்கணக்கில் காத்திருந்த பொதிகள் உண்டு.

ஜாவாஸ்கிரிப்ட் உலகம் இதற்கு நேர் எதிரான வழியில் போனது. ஒரு செயற்கூறு, ஒரு பொதி. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் கோபத்தில் விலக்கிக்கொண்டபோது, அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்களின் கட்டுமானம் சில மணிநேரம் முறிந்துகிடந்தது. அந்த உலகத்தின் மென்பொருளை டெபியனுக்குள் கொண்டுவர முனைந்தவர்களில் கேரளத்தின் பைரேட் பிரவீன் முக்கியமானவர். நிரல் களஞ்சியங்களை நடத்த உதவும் கிட்லேப் மென்பொருளைப் பொதியாக்கப் போனவர்கள் அதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான ரூபி, நோட் பொதிகளைக் கட்ட வேண்டியிருந்தது. பத்து வரி நிரலுக்குத் தனிப் பொதி தேவையா என்ற சண்டை அப்போது வலுத்தது. கடைசியில் சின்னக் கூறுகள் பலவற்றை ஒரு பெரிய மூலப்பொதிக்குள் சேர்த்துக் கட்டி, ‘இன்னின்ன பெயர்களும் என்னிடம் உண்டு’ என்று அறிவிக்கிற முறைக்கு ஜாவாஸ்கிரிப்ட் குழு வந்தது. எழுதியவர்கள் போட்ட கோட்டை அழிக்காமல், நிறுவுகிறவருக்கு வேறு கோடு போட்டுக்கொண்டார்கள்.

தமிழ் எழுத்துருக்களின் கதை எதிர்த்திசையில் நடந்தது. டெபியனில் முதலில் இந்திய மொழிகளின் எழுத்துருக்கள் எல்லாம் ஒரே மூலப்பொதியில் இருந்தன. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு உரிமத்தில் செய்த எழுத்துருக்கள் அவை. ‘இந்திய’ என்ற ஒரு சொல்லைத் தவிர அவற்றுக்குள் உறவு ஏதுமில்லை. தமிழில் ஒரு எழுத்தைத் திருத்தினால் வங்காளத்துக்கும் குஜராத்திக்கும் புதுப் பதிப்பு எண் ஏறும். ஒரு எழுத்துருவின் உரிமத்தில் சந்தேகம் வந்தால் மூட்டை முழுவதும் மாட்டிக்கொள்ளும். பிறகு அதை உடைத்தார்கள். லோஹித் தமிழுக்கு ஒரு பொதி, சம்யக் தமிழுக்கு ஒன்று, டிஸ்கி என்ற பழைய குறியாக்கக் கால எழுத்துருக்களின் ஒருங்குறி வடிவங்களான பரணர், கல்யாணி முதலியவற்றுக்கு ஒன்று. ரெட் ஹாட் வெளியிட்ட லோஹித் குடும்பமும் முதலில் எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரே தொகுப்பாக வந்து, பின்னால் எழுத்துமுறைவாரியாகப் பிரிந்தது. அங்கே எழுதுகிறவர் கோடும் நிறுவுகிறவர் கோடும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. எழுத்துருவுக்கு அது நியாயம்.

விசைப்பலகைக்கு அந்த நியாயம் செல்லாது. தமிழ்99இன் விதிகள் எல்லாம் சேர்ந்து சில கிலோபைட்தான். அதற்குத் தனிப் பொதி வைத்தால் சரக்கைவிட மேலுறை பெரிதாக இருக்கும். முதலில் சொன்ன மூட்டையைக் கட்டுகிற எம்17என் திட்டம் எல்லா மொழிகளையும் ஒரே பொதியில் வைத்திருப்பது சரியான முடிவு. எக்ஸ் சாளர அமைப்பின் விசைப்பலகைத் தொகுப்பில் வேறொரு விநோதம்: அங்கே கோப்புகள் நாடுவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் தமிழ் இரண்டு வீட்டுப் பிள்ளை. இந்தியக் கோப்பில் சில தமிழ் அமைப்புகள், இலங்கைக் கோப்பில் சில. சென்னையில் உட்கார்ந்து இந்தியக் கோப்பைத் திருத்துகிறவருக்கு யாழ்ப்பாணத்துக்காரர் பயன்படுத்துவது கண்ணிலேயே படாமல் போகலாம். நாடு என்ற கோடு பிரெஞ்சு, ஜெர்மன் விசைப்பலகைகளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

இவையெல்லாம் சரக்கை அடுக்கும் சிக்கல்கள். அறிவை எங்கே வைப்பது என்பது இதைவிட ஆழமான சிக்கல். ‘கொ’ என்று தட்டினால் கணினியின் நினைவில் ககரமும் ஒகரக் குறியும் அந்த வரிசையில் இருக்கின்றன. திரையில் வரையும்போது கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்த அறிவு எந்தக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும்?

மும்பை இதற்கு ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. ஜுஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், என்சிஎஸ்டி, பின்னால் சி-டாக்குடன் இணைந்துவிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ‘இண்டிக்ஸ்’ என்ற திட்டம் நடந்தது. இந்திய எழுத்துகளை வரையும் திறனை எக்ஸ் சாளர அமைப்புக்குள்ளேயே வைத்துவிட்டால், அதன் மேல் ஓடும் எல்லாச் செயலிகளுக்கும் ஒரே வீச்சில் இந்திய மொழி வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் தவறில்லை. ஆனால் அதே நேரத்தில் உலகம் வேறு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. எழுத்தை வரிசைப்படுத்தும் பொறுப்பைச் சாளர அமைப்பிலிருந்து எடுத்து, மேலேயுள்ள நூலகங்களிடம் கொடுத்தார்கள். ஜிநோம் மேசைத்தளத்துக்குப் பாங்கோ, கேடிஇ மேசைத்தளத்துக்கு க்யூடி. மும்பைத் திருத்தங்கள் மூலக் களஞ்சியத்தின் பாதைக்கு வெளியே நின்றுபோயின. அதே நகரத்தில் 2000வாக்கில் தொடங்கிய இண்ட்லினக்ஸ் குழுவும் தனியாக இந்தி விநியோகம் ஒன்றைச் செய்து பார்த்தது. அந்த முயற்சிகளில் நிலைத்தவை, மொழிபெயர்ப்புகளாகவும் எழுத்துருக்களாகவும் மூலத் திட்டங்களுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தவைதான்.

பாங்கோவிலும் க்யூடியிலும் பிரச்சினை தீரவில்லை, பெருகியது. இரண்டும் ஃப்ரீடைப் என்ற எழுத்துரு நூலகத்தின் பழைய நிரலிலிருந்து ஆளுக்கொரு படி எடுத்துத் தனித்தனியாக வளர்த்தன. ஓபன் ஆபீஸ் ஐசியு என்ற மூன்றாவது நூலகத்தை நம்பியது. ஒகரக் கொம்பு ஒரு செயலியில் சரியாக விழும், இன்னொன்றில் பிறழும். ஒரு இடத்தில் திருத்தினால் மற்றதில் பழையபடியே நிற்கும். அந்த நாட்களில் லினக்ஸில் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும். இந்தப் பிரதிகளை ஒன்றாக்கப் பிறந்ததுதான் ஹார்ஃப்பஸ். பெஹ்தாத் எஸ்ஃபாபோத் அதைப் புதிதாக எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளும்படி தளர்ந்த உரிமத்தில் வைத்தார். இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, ஜிநோம் எல்லாம் அதைப் பயன்படுத்துகின்றன. லிப்ரே ஆபீஸ் 2013இல் லினக்ஸிலும், 2017இல் 5.3 பதிப்போடு எல்லாத் தளங்களிலும் அதற்கு மாறியது. தமிழ்க் கணிமைக்கு நடந்த பெரிய நன்மைகளில் ஒன்று, தமிழர் எவரும் தனியாகக் கேட்காமல், ஒரு களஞ்சியத்தின் எல்லை சரியாக வரையப்பட்டதால் கிடைத்தது. இதைத் தமிழ் மென்பொருள் வரலாற்றைப் பேசுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை.

மொழிபெயர்ப்பு இன்னொரு வகைச் சங்கடம். கேடிஇ திட்டம் 2010, 2011 வாக்கில் சப்வெர்ஷன் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் இருந்த தன் பெரிய ஒற்றைக் களஞ்சியத்தை விட்டு, கிட் என்ற இன்னொரு அமைப்புக்கு மாறியபோது செயலிக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கான களஞ்சியங்களாகப் பிரிந்தது. 2014இல் பெரிய அடித்தள நூலகமே ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்ன நூலகங்களாக உடைக்கப்பட்டது. எது எதைச் சார்ந்திருக்கலாம் என்பதற்கு மூன்று அடுக்குகள் வகுத்தார்கள்: முதல் அடுக்கில் இருப்பது கேடிஇயின் வேறு எதையும் சார்ந்திருக்கக் கூடாது. நிரலாளர்களுக்கு நல்ல ஏற்பாடு. மொழிபெயர்ப்பாளர் நிலை? தமிழுக்கு உழைப்பவர் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அவர்கள் நூற்றுக்கணக்கான களஞ்சியங்களைத் தனித்தனியாக இறக்கி, ஒவ்வொன்றிலும் தமிழ்க் கோப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே நிரல் கிட்டுக்குப் போன பிறகும் மொழிபெயர்ப்புகள் பழைய சப்வெர்ஷனிலேயே, மொழிக்கொரு கோப்புறையாக, தங்கிவிட்டன. இரண்டுக்கும் நடுவே ‘ஸ்கிரிப்டி’ என்று செல்லப்பெயர் கொண்ட தானியங்கி நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. நிரலில் புதிதாக வந்த ஆங்கிலத் தொடர்களைச் சேகரித்து மொழிபெயர்ப்பாளரிடம் தருவது அதன் வேலை.

நிறுவுகிறவர் பக்கத்தில் இதற்கு நேர்மாறான பயணம் நடந்தது. முன்பு கேடிஇயின் தமிழ் முழுவதும் ஒரே பொதியாகக் கிடைத்தது. வசதிதான். ஆனால் செயலிகள் தனித்தனி வேகத்தில் புதுப்பதிப்பு காணத் தொடங்கியதும் அந்த ஒற்றைப் பொதி எப்போதும் சிலவற்றுக்கு முந்தியும் சிலவற்றுக்குப் பிந்தியும் நின்றது. 2017வாக்கில் அதைக் கைவிட்டு ஒவ்வொரு செயலியோடும் அதன் மொழிபெயர்ப்புகளைச் சேர்த்தே அனுப்ப ஆரம்பித்தார்கள். எழுதும் இடத்தில் தமிழ் ஒன்றாக இருக்கிறது, நிறுவும் இடத்தில் சிதறிக் கிடக்கிறது. இரண்டுமே சரி.

லிப்ரே ஆபீஸ் பிரிந்ததை ஒட்டவைத்த திட்டம். 2010 செப்டம்பரில் ஓபன் ஆபீஸிலிருந்து கிளைத்தபோது அதன் நிரல் ஏறத்தாழ இருபது கிட் களஞ்சியங்களில் இருந்தது. ஒரு மாற்றம் நான்கு களஞ்சியங்களைத் தொட்டால் நான்கையும் ஒரே நேரத்தில் சேர்க்க வழியில்லை. பாதி சேர்ந்த நிலையில் எவரும் கட்டிப் பார்க்க முடியாது. விரைவிலேயே அவற்றை ஒரே மையக் களஞ்சியமாக்கினார்கள். மொழிபெயர்ப்பு, அகராதி, உதவிப் பக்கங்கள் ஆகியவற்றை மட்டும் துணைக் களஞ்சியங்களாக வெளியே விட்டார்கள். சேர்ந்து மாறுகிறவை சேர்ந்திருக்கட்டும் என்பதுதான் அளவுகோல். கூகுள் இதைக் கடைக்கோடிக்குக் கொண்டுபோன நிறுவனம்: 2015 தொடக்கத்தில் அவர்களுடைய ஒற்றைக் களஞ்சியத்தில் சுமார் 100 கோடிக் கோப்புகள், 86 டெராபைட். அதைத் தாங்கச் சொந்தமாகவே ஒரு பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பை எழுதிக்கொண்டார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிற வேலை அது. தன்னார்வலர் திட்டம் அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம்.

செம்பூர்ப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. தியோனாரின் டாடா சமூக அறிவியல் நிறுவனம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், டாடா அறக்கட்டளைகள் சேர்ந்து 2015இல் தொடங்கிய ‘கிளிக்ஸ்’ கல்வித் திட்டத்துக்கு, மான்குர்தில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ஆய்வகம் மென்பொருள் தளத்தை எழுதியது. அந்த ஆய்வகத்தை நடத்திய நாகார்ஜுனா இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தலைவராக இருந்தவர். ராஜஸ்தான், சத்தீஸ்கர், மிசோரம், தெலங்கானா அரசுப் பள்ளிகளுக்குப் போக வேண்டிய மென்பொருள் அது. பல பள்ளிகளில் இணையத்தை நம்ப முடியாது. நிரல் பல களஞ்சியங்களில் எழுதப்பட்டது, பள்ளிக்கு டாக்கர் வழியாக ஒற்றைக் கட்டாகப் போனது. ‘சார்பு விடுபட்டிருக்கிறது, இறக்கிக்கொள்’ என்று சொல்ல அங்கே வழியில்லை. நிறுவுகிறவரின் நிலைமைதான் பொதியின் எல்லையைப் போடுகிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரியாது.

இரண்டு கோடுகளும் விலகியிருக்கலாம் என்று இதுவரை வாதிட்டேன். விலகலுக்குள் ஆபத்தும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர் வெளியிட்ட செய்தி அதைக் காட்டியது. டெபியனின் ‘நிலையற்ற’ வளர்ச்சிப் பதிப்பில் எஸ்எஸ்ஹெச் வழி உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆனதை அவர் கவனித்தார். துருவிக்கொண்டே போனதில் ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்க நூலகத்தில் பின்வாசல் ஒன்று அகப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர் அதை வைத்திருந்தார். தீய நிரலின் பெரும்பகுதி சோதனைக் கோப்புகள் என்ற வேஷத்தில் களஞ்சியத்திலேயே இருந்தது. அதை உயிர்ப்பிக்கும் சிறு துண்டு களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய சுருக்கக் கோப்பில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தைப் படித்தவர்கள் அதைப் பார்த்திருக்க முடியாது. பொதி கட்டியவர்கள் வெளியீட்டுக் கோப்பை எடுத்தார்கள், அதைப் படிக்கிற பழக்கம் எவருக்கும் இல்லை. எழுதுகிறவர் கோட்டுக்கும் நிறுவுகிறவர் கோட்டுக்கும் நடுவில் ஆளில்லாமல் கிடந்த நிலத்தில் அது ஒளிந்திருந்தது.

டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது நுழைவதற்கு முன்பே பிடிபட்டுவிட்டது. ஆனால் கேள்வி நின்றது: ஒரு பொதி எந்தக் களஞ்சியத்தின் எந்தப் புள்ளியிலிருந்து வந்தது என்று எவரும் சரிபார்க்க முடியுமா? 2013 முதல் டெபியனில் நடந்துவரும் ‘மீளுருவாக்கக் கட்டுமானம்’ இதில் ஒரு பாதி. ஒரே மூலத்தை யார் எங்கே கட்டினாலும் கடைசி பைட் வரை அதே பொதி வர வேண்டும் என்பது அதன் விதி. மூலப்பொதிக்கும் நிறுவுபொதிக்கும் நடுவிலுள்ள தூரத்தை அது மூடுகிறது. களஞ்சியத்துக்கும் மூலப்பொதிக்கும் நடுவிலுள்ள தூரம் அப்படியே இருந்தது. நீண்ட வாதத்துக்குப் பிறகு 2025இல் புழக்கத்துக்கு வந்த ‘டேக்2அப்லோட்’ சேவை அதற்காக. பராமரிப்பாளர் கிட் களஞ்சியத்தில் கையொப்பமிட்ட அடையாளம் ஒன்றை வைத்தால் போதும்; மூலப்பொதியைத் தன் மடிக்கணினியில் கட்டி அனுப்ப வேண்டாம், டெபியனின் சேவையகமே அடையாளத்திலிருந்து கட்டிக்கொள்ளும். கிடங்குப் பொறுப்பாளர்கள் இதற்கு எளிதில் இசையவில்லை. மனிதர் கையொப்பமிட்ட மூலப்பொதியை மட்டும் ஏற்றுவந்த இடத்தில் இயந்திரத்தின் கையொப்பத்தை ஏற்க வேண்டுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சேவை இன்றும் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். பெரும்பாலான பராமரிப்பாளர்கள் பழைய முறையிலேயே அனுப்புகிறார்கள், மூல ஆசிரியர்கள் பலர் சுருக்கக் கோப்பையே வெளியிடுகிறார்கள்.